பிரவுன் மரம்

1769 அக்டோபர். இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகள் நிறைந்த கெஸ்விக் பக்கம், தாமஸ் கிரே என்ற கவிஞர் சாயங்காலம் தனியாக ஒரு நடை போனார். வயது 52. கையில், பவுடர் டப்பா மாதிரி திறந்து மூடுகிற ஒரு சின்னக் கண்ணாடி. அதில் தெரிந்த காட்சியில் சொக்கிப்போய், காலடியைக் கவனிக்காமல், சேறான ஒரு சந்தில் மல்லாக்க விழுந்தார். விரல் முட்டியெல்லாம் அடி. எழுந்து நேராக வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அங்கேயே இருந்து சூரியன் அஸ்தமிப்பதை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். தன் டயரியிலும் இதை வெட்கமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கண்ணாடிக்கு க்ளாட் கண்ணாடி என்று பேர். லேசாகக் குவிந்து, கருப்புச் சாயம் பூசியது. மலையையோ ஏரியையோ பார்க்க வேண்டுமானால் முதலில் அதற்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பிறகு கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, தோளுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். பச்சை மங்கி, வெளிச்சம் தணிந்து, மொத்தக் காட்சியும் பழைய ஆயில் பெயிண்டிங் மாதிரி காப்பிக் கலரில் தெரியும்.

சிரிக்காதீர்கள். அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்து, அப்புறம் ஃபில்டர் போட்டு அதைப் பழுப்பாக்குகிற நாம் கிரேயைக் கிண்டல் செய்ய முடியாது. அவராவது கண்ணாடியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். யாருக்கும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

இந்த வியாதிக்கு அந்தக் காலத்தில் பிக்சரஸ்க் என்று பெயர் வைத்திருந்தார்கள். இயற்கை அழகாக இருந்தால் மட்டும் போதாது, படம் வரைந்தால் நன்றாக வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது சித்தாந்தம். இதற்கு வாத்தியார் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். 1770ல் வை நதியில் படகில் போய், 1782ல் அதைப் புத்தகமாகப் போட்டார். வழியில் டின்டெர்ன் என்ற இடிந்த மடாலயம் வருகிறது. பார்க்க வந்த எல்லோரும் மெய்மறந்து நின்ற இடம். கில்பினுக்கு மட்டும் திருப்தி இல்லை. சுவரின் முக்கோண முகப்புகள் ரொம்ப ஒழுங்காக இருக்கின்றனவாம், கண்ணை உறுத்துகின்றனவாம். ஒரு கொட்டாப்புளியை எடுத்து அங்கங்கே பக்குவமாகத் தட்டி உடைத்தால் தேவலை, ஆனால் யாருக்குத் தைரியம் வரும் என்று எழுதினார். மாடுகளுக்கும் அவரிடம் சட்டம் உண்டு. இரண்டு மாடு நின்றால் படம் சேராது, மூன்று இருந்தால் சேரும். நாலாவது வந்துவிட்டால் அது கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். மாடுகளிடம் யார் போய்ச் சொல்வது என்று மட்டும் எழுதவில்லை.

(இந்தக் கண்ணோடு நம் பக்கமும் ஆள் வந்திருக்கிறார்கள். 1792ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று ஒரு சித்தப்பாவும் அண்ணன் பிள்ளையும் தெற்கே பயணம் வந்து வரைந்தவற்றில் திருநெல்வேலிச் சீமைப் பாபநாசம் அருவியும் ஒன்று. அவர்களுக்கு அது தொழில். நான் சொல்லப்போகிறவர் தொழில்காரர் இல்லை.)

பிக்சரஸ்க் பைத்தியத்தில் கோட்டு சூட்டு போட்ட கனவான்கள் நூற்றுக்கணக்கில் பென்சிலும் நோட்டுமாகக் கிளம்பினார்கள். பெரும்பாலானவர்கள் படங்கள் பரணுக்குப் போய்விட்டன. ஒருத்தரை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை.

சர் ஜார்ஜ் போமாண்ட். 1753ல் பிறந்தார். ஒன்பது வயதுக்குள் அப்பா போய், பாரனெட் பட்டமும் சொத்தும் வந்து சேர்ந்தன. நம் ஊர்க் கணக்கில் சின்ன ஜமீன்தார். ஈட்டன் பள்ளியில் அவருக்கு டிராயிங் சொல்லித் தந்தவர் அலெக்ஸாண்டர் கோசன்ஸ். இவர் ஒரு விசித்திரமான வாத்தியார். காகிதத்தில் மசியைக் கன்னாபின்னாவென்று தீற்றி, அந்தக் கறையில் மலை தெரிகிறதா, மரம் தெரிகிறதா என்று பார்த்து வரையச் சொல்லி ஒரு முறையே வைத்திருந்தவர். போமாண்டுக்கு அங்கே பிடித்தது ஜுரம். 73 வயது வரை இறங்கவில்லை.

நடுவில் 1790லிருந்து ஆறு வருஷம் பார்லிமெண்ட் மெம்பராகவும் இருந்தார். அங்கே என்ன பேசினார் என்று யாருக்கும் அக்கறை இல்லை. லண்டன் ராயல் அகாடமி வருடாந்திரக் கண்காட்சியில் அவர் படங்கள் தொங்கின. ஆனால் கேட்லாகில் பேரோடு 'கௌரவ' என்ற வால் உண்டு. அதாவது, இவர் கனவான், விற்க வரவில்லை என்று அர்த்தம். படத்துக்குக் காசு வாங்கினால் கைத்தொழில்காரன் ஆகிவிடுவார், கௌரவம் போய்விடும். அவருக்குக் காசும் தேவைப்படவில்லை. லெஸ்டர்ஷயரில் கோலார்ட்டன் என்ற அவருடைய எஸ்டேட்டுக்கு அடியில் நிலக்கரி இருந்தது. மேலே ரம்மியமான நிலக்காட்சி, கீழே அதற்குச் செலவு செய்கிற கரி.

சரி, படங்கள் எப்படி? சும்மா சொல்லக் கூடாது, மோசமில்லை. பிரமாதமும் இல்லை. இடது பக்கம் ஒரு பெரிய மரம், நடுவில் தண்ணீர், தூரத்தில் மங்கலாக ஒரு மலை. எல்லாம் க்ளாட் போட்டுக் கொடுத்த கோலம். மேலே சொன்ன கண்ணாடிக்குப் பெயர் கொடுத்தவர் இந்த க்ளாட் லொரைன்தான். பிரான்ஸ் பக்கத்து லொரைனில் பிறந்து, ரோமிலேயே வாழ்ந்து, 1682ல் செத்துப்போன ஓவியர்.

க்ளாட் வரைந்த ஒரு சின்னப் படம் போமாண்டிடம் இருந்தது. 1646ல் வரைந்தது. உயரம் ஒன்றே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் இன்னும் குறைவு. பைபிளில் சாராளின் வேலைக்காரி ஆகார் கர்ப்பமாக இருக்கும்போது எஜமானியின் கொடுமை தாங்காமல் ஓடிப்போவாள். தேவதூதன் வழிமறித்துத் திரும்பிப் போ என்பான். அந்தக் காட்சி. ஆகாரும் தூதனும் கீழே பொடியாக இருப்பார்கள். மிச்சமெல்லாம் மரமும் ஆறும் பாலமும் வெளிச்சமும்.

இந்தப் படத்தைப் பிரிய மனுஷனால் முடியவில்லை. லண்டன் வீட்டிலிருந்து கிராமத்து வீட்டுக்குப் போனால் படமும் கோச்சு வண்டியில் கூட வரும். நாம் ஊருக்குப் போகும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்வோமே, அந்த மாதிரி.

1795 வாக்கில் போமாண்டின் அம்மா டெடம் என்ற கிராமத்தில் இருந்தார். அங்கே மாவு மில்லுக்காரர் பையன் ஒருவனுக்கு வரைகிற ஆசை என்று கேள்விப்பட்டு, அவனைக் கூப்பிட்டு இந்தப் படத்தைக் காட்டினார் சர் ஜார்ஜ். பையன் பேர் ஜான் கான்ஸ்டபிள். போலீஸ் இல்லை, பின்னால் இங்கிலாந்தின் வயல்களையும் மேகங்களையும் வரைந்து பேர் வாங்கிய அதே கான்ஸ்டபிள்தான். அவருக்கு அன்றைக்குக் கண் திறந்தது. திறந்த கண்ணுக்குத் தெரிந்தது என்னவோ வேறு. அதுதான் வேடிக்கை.

போமாண்டின் கொள்கை ஒரே வரி: நல்ல படம் பழைய பிடில் மாதிரி பிரவுனாக இருக்க வேண்டும். ஒரு நாள் இதையே சொல்லி, கிரிமோனா ஊர்ப் பழைய பிடிலின் நிறம்தான் எல்லாப் படத்துக்கும் ஆதார சுருதி என்றார். கான்ஸ்டபிள் வாதம் பண்ணவில்லை. ஒரு பழைய பிடிலை எடுத்துப் போய் வீட்டு முன்னால் பச்சைப் பசேல் என்ற புல்தரையில் வைத்துவிட்டு வந்தார்.

இன்னொரு நாள் போமாண்ட் ரொம்ப சீரியஸாக, படத்தில் பிரவுன் மரத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டார். கொஞ்சங்கூட இல்லை, நான்தான் அப்படி ஒன்றை வைப்பதே இல்லையே என்றார் கான்ஸ்டபிள். இரண்டு கதைகளையும் கான்ஸ்டபிளின் சிநேகிதர் லெஸ்லி எழுதி வைத்திருக்கிறார்.

இதில் ஒரு சூட்சுமம். க்ளாட் வரைந்தபோது அந்தப் படங்கள் அவ்வளவு பிரவுனாக இருந்திருக்காது. மேலே பூசுகிற வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளாகி, பழுப்பாகி, விளக்குப் புகையும் தூசியும் சேர்ந்து ஏறிய நிறம் அதில் பாதி. 1846ல் லண்டனில் சில பழைய படங்களைத் துடைத்துச் சுத்தம் செய்தபோது, படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் கடிதம் எழுதிக் கூச்சல் போட்டார்கள். அழுக்கோடு பார்த்துப் பழகிய கண்கள். போமாண்டும் ஓரளவுக்கு அழுக்கைத்தான் ஆராதித்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் நல்ல மனுஷர்.

நல்ல மனுஷர் என்று சொல்லும்போதே ஒரு கறுப்புப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். டர்னர் விஷயம். வெளிச்சத்தை அள்ளித் தெளித்து வரைந்த டர்னரை போமாண்டுக்குக் கட்டோடு பிடிக்காது. அவரையும் அவர் மாதிரி வரைகிறவர்களையும் 'வெள்ளைப் பெயிண்டர்கள்' என்று நக்கலாகக் கூப்பிட்டார்கள். 1815ல் டர்னர் ஓடையைக் கடக்கும் பெண்களை வரைந்தபோது, பச்சைப் பட்டாணி நிறத்தில் சப்பென்று இருக்கிறது என்று போமாண்ட் தீர்ப்பு சொன்னார். பெரிய வீட்டுக்காரர் வாய். டின்னரில் ஒரு வார்த்தை சொன்னால் ஊரெல்லாம் பரவும், படம் வாங்க வந்தவர் பர்ஸை உள்ளே வைப்பார். டர்னரின் நண்பர் கால்காட், தன் படங்கள் விற்காமல் போனதற்கு இவர் பேச்சுதான் காரணம் என்று புலம்பியது ஃபேரிங்டன் என்ற ஓவியரின் டயரியில் இருக்கிறது. ஆபீசில் நன்றாக வேலை செய்கிற பையனைப் பற்றி மேலதிகாரி கேன்டீனில் போகிற போக்கில் ஒரு வார்த்தை விடுவாரே, அந்த மாதிரி. சொன்னவருக்கு மறந்துபோகும். பையனுக்கு இன்கிரிமெண்ட் போகும். அந்த ஓடைப் படம் டர்னரிடமே கடைசி வரை விற்காமல் கிடந்தது.

ஆக, தானும் பெரிதாக வரையவில்லை, வரைந்தவனையும் விடவில்லை என்று கேஸை முடித்துவிடலாம். முடிக்க விடாமல் இரண்டு விஷயங்கள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது, வேர்ட்ஸ்வொர்த். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, டாஃபோடில்ஸ், அந்தக் கவிஞர்தான். 1803ல், இன்னும் நேரில் பார்த்துக்கூட இராத அவருக்கு போமாண்ட் கெஸ்விக் பக்கத்தில் ஒரு நிலம் வாங்கிக் கொடுத்தார். நண்பர் கோல்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொள்ளட்டும், இரண்டு பேரும் சேர்ந்து எழுதட்டும் என்று. வீடு கட்டவில்லை. நன்றிக் கடிதம் எழுதவே கவிஞருக்குப் பல வாரங்கள் ஆயின. போமாண்ட் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

1805 பிப்ரவரி 5. வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி ஜான் கேப்டனாக இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் 'ஏர்ல் ஆஃப் அபர்கவென்னி', வங்காளத்துக்கும் சீனாவுக்கும் கிளம்பிய கொஞ்ச நாளிலேயே வேமத் கடற்கரைக்குப் பக்கத்தில் முழுகியது. இருநூற்றைம்பதுக்கும் மேல் செத்தார்கள். ஜானும் போனார். அடுத்த வருஷம் ராயல் அகாடமியில் போமாண்டின் படம் ஒன்று தொங்கியது. பீல் கோட்டை, கொந்தளிக்கிற கடல், தத்தளிக்கிற கப்பல். அதே கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோடைக்காலத்தில் வேர்ட்ஸ்வொர்த் பல நாள் தங்கியிருக்கிறார். அப்போது கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. தம்பியும் உயிரோடு இருந்தான்.

கண்காட்சி பார்க்க வேர்ட்ஸ்வொர்த் வந்தார். சாதாரணமாக ஒரு அமெச்சூர் என்ன செய்வார்? 'வாங்க, வாங்க, என் படம் பார்த்தீங்களா?' என்று கையைப் பிடித்து இழுத்துப் போவார். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். போமாண்ட் அந்தப் படத்தின் பக்கம் கவிஞரை அழைத்தே போகவில்லை. ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. வேர்ட்ஸ்வொர்த் தானாகப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு இரங்கற் கவிதை எழுதினார். இங்கிலீஷ் இலக்கியத்தில் இன்றைக்கும் வாசிக்கிற கவிதை. தலைப்பிலேயே சர் ஜார்ஜ் பெயரும் படத்தின் பெயரும் இருக்கின்றன. நீங்கள் என்னை அந்தப் படத்திடம் கூட்டிப்போகாமல் இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை என்று பிறகு கடிதத்தில் தெரிவித்தார்.

அந்தப் படத்தை நிபுணர்கள் என்ன மார்க் போட்டு வைத்திருக்கிறார்களோ, எனக்கு அக்கறையில்லை.

இரண்டாவது விஷயம் பெரிது. 1820களின் தொடக்கத்தில் பாரீஸில் லூவர் இருந்தது. லண்டனில் பொது ஜனம் உள்ளே போய் நல்ல படம் பார்க்க அரசாங்க காலரி என்று ஒன்று கிடையாது. எல்லாம் பணக்காரர் வீட்டுச் சுவரில். 1823 ஜனவரியில் ஆங்கர்ஸ்டீன் என்ற பெரிய வியாபாரி இறந்தார். அவருடைய படங்கள் விலைக்கு வந்தன. அரசாங்கம் வழக்கம்போல யோசித்தது. அப்போது போமாண்ட் சொன்னார்: நீங்கள் ஆங்கர்ஸ்டீன் படங்களை வாங்குங்கள், வைக்க ஒரு இடம் ஏற்பாடு செய்யுங்கள், என் படங்களைச் சும்மா தருகிறேன். 1824ல் 57,000 பவுண்டுக்கு 38 படங்களை வாங்கினார்கள். மே 10 அன்று பால் மால் தெருவில் ஆங்கர்ஸ்டீன் வீட்டிலேயே நேஷனல் காலரி திறந்தது. போமாண்ட் சொன்ன சொல் தவறாமல் 16 படங்களை எழுதிக் கொடுத்தார். ரூபன்ஸ், ரெம்ப்ராண்ட், கனலெட்டோ, நாலு க்ளாட். இது போக, 1822ல் ரோமில் வாங்கிய மைக்கலாஞ்சலோவின் வட்டமான சலவைக்கல் சிற்பம் ராயல் அகாடமிக்குப் போனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

நாலு க்ளாடில் ஒன்று, ஆகார்.

கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்து, தேசத்துக்குத் தானம் செய்த படம். 70 வயதைத் தாண்டிய மனுஷன், கூச்சத்தை விட்டுவிட்டு காலரிக்கு எழுதிக் கேட்டார்: என் ஆயுசு இருக்கிற மட்டும் அதை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாமா? சரி என்று திருப்பி அனுப்பினார்கள். ஆயுசு ரொம்ப நாள் இல்லை. 1827 பிப்ரவரி 7ல் காலமானார். மனைவி மார்கரெட் படத்தை ஒழுங்காகத் திருப்பி அனுப்பி வைத்தார். இப்போது லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், நேஷனல் காலரியின் சொத்து. டிக்கெட் கிடையாது.

டர்னர் 1851ல் இறந்தார். உயிலில், தன் படங்கள் இரண்டை நேஷனல் காலரிக்குக் கொடுத்து ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். ஆங்கர்ஸ்டீனிடம் வாங்கிய இரண்டு க்ளாட் படங்களுக்குப் பக்கத்தில்தான் அவற்றை மாட்ட வேண்டும். பச்சைப் பட்டாணி என்று திட்டு வாங்கியவரும் க்ளாட் பக்தர்தான். இரண்டு பேரும் ஒரே சாமியைக் கும்பிட்டுக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள்.

கான்ஸ்டபிள் கதை பாக்கி இருக்கிறது. 1823ல், படங்களைக் கொடுப்பது என்று பேச்சு நடந்த அதே வருஷம், அக்டோபரில் கோலார்ட்டனுக்கு விருந்தாளியாகப் போனார். கொஞ்ச நாள் என்று சொல்லிவிட்டு ஆறு வாரம் இருந்துவிட்டார். பகலில் இரண்டு பேரும் உட்கார்ந்து வரைவார்கள். கான்ஸ்டபிள் க்ளாட் படங்களைப் பார்த்துப் பார்த்துக் காப்பி எடுத்தார். வீட்டில் மனைவி மரியா, சின்னக் குழந்தைகளோடு. எப்போ வர்றதா உத்தேசம் என்கிற ரீதியில் கடிதம் வந்தது. நீ க்ளாட் மேல் பொறாமைப்படுவதில் ஆச்சரியமில்லை, நம் இருவருக்கும் நடுவே வர முடிந்த ஆள் அவர் ஒருத்தர்தான் என்று பதில் போட்டார் கணவர். மரியாவுக்கு இந்த ஜோக் ரசித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தோட்டத்தில், எலுமிச்சை என்று நாம் தப்பாக மொழிபெயர்க்கிற லைம் மரச் சாலையின் முடிவில், ஓவியர் ரெனால்ட்ஸ் நினைவாக போமாண்ட் ஒரு கல் எழுப்பியிருந்தார். அதில் பொறிக்க வரிகள் எழுதித் தந்தவர் வேர்ட்ஸ்வொர்த். நவம்பர் மாதம் கான்ஸ்டபிள் அதைப் பென்சிலில் வரைந்து நோட்டில் வைத்துக்கொண்டார்.

பத்து வருஷம் நோட்டிலேயே கிடந்தது. மரியா 1828ல் போய்ச் சேர்ந்துவிட்டாள். போமாண்டும் இல்லை. 1833ல் அதைப் பெரிய கான்வாஸில் வரைய ஆரம்பித்து, 1836ல் முடித்து, கண்காட்சியில் வைத்தார். அடுத்த மார்ச்சில் அவரும் காலமானார். அந்தப் படமும் இப்போது அதே நேஷனல் காலரியில்தான். நினைவுக் கல், அதற்கு முன்னால் தலையைத் திருப்பிப் பார்க்கிற ஒரு கலைமான், இரண்டு பக்கமும் இலையுதிர் கால மரங்கள்.

எல்லாம் பிரவுன்.